கொல்லன் இல்லாத பூட்டு

"எல்லா ஃபோல்டரையும் என்கிரிப்ட் பண்ணியாச்சு சார், இனிமே கவலையே இல்லை." சிறு அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுக்கும் என் போன்றவர்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. ஆடிட்டர் அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன், ஸ்கேன் சென்டரில் கேட்டிருக்கிறேன், நகைக்கடைக் கணக்கர் சொல்லியும் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர் முகத்தில், ஊருக்குக் கிளம்பும்போது பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்தவரின் நிம்மதி தெரியும். மூலையில் நாஸ் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். அலுவலகத்தில் எல்லாரும் ஒரே இடத்தில் கோப்புகளை வைத்து எடுப்பதற்காக நெட்வொர்க்கில் மாட்டிய ஹார்ட் டிஸ்க் பெட்டி அது. அதில் பகிர்வு ஃபோல்டர் ஒன்றை உருவாக்கும்போது 'என்கிரிப்ட்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டு, பாஸ்வேர்டு கொடுத்தால் போதும். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தை நம்பித்தான் இத்தனை நிம்மதியும்.

எனக்குச் சண்டை அந்த நிம்மதியோடுதான். பூட்டுவது தவறென்று நான் சொல்லவில்லை. பூட்டியதோடு வேலை முடிந்தது என்கிறார்களே, அதைத்தான் மறுக்கிறேன். என்கிரிப்ஷனால் நம் பொறுப்பு ஒரு குண்டுமணிகூடக் குறைவதில்லை. வட்டின் மேல் இருந்த பொறுப்பு சாவியின் மேல் ஏறுகிறது, அவ்வளவுதான். வட்டைப் பத்திரமாக வைக்க நமக்கு ஓரளவு தெரியும். சாவியைப் பேணும் பழக்கம் இல்லாத இடத்தில் பூட்டு வந்தால், வாசலில் முதலில் நிற்கப்போவது வீட்டுக்காரர்தான்.

எதிர்த்தரப்புக்கு உரியதை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். இரவில் கடையை உடைத்து நாஸ் பெட்டியைத் தூக்கிப் போகிறவனுக்குப் பூட்டிய ஃபோல்டரால் ஒரு பயனும் இல்லை. அதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு, பலர் அதை நினைப்பதில்லை. உத்தரவாதக் காலத்திலேயே ஒரு வட்டு செத்துப்போகிறது. மாற்றித் தர நிறுவனம் பழையதைக் கேட்கிறது. செத்த வட்டை நம்மால் அழிக்க முடியாது. ஆனால் உள்ளே பதிந்திருப்பதைத் தக்க கருவி உள்ளவர்கள் படித்துவிடலாம். வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் அந்தக் கூரியர் பொட்டலத்தோடு சேர்ந்து பயணம் போகின்றன. என்கிரிப்ட் செய்த வட்டானால் தயங்காமல் அனுப்பலாம். ஏ.இ.எஸ். 256 என்ற அந்தக் கணக்கை நேருக்கு நேர் நின்று உடைக்க இன்றுள்ள எந்தக் கணினியாலும் ஆகாது. இதிலெல்லாம் எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை.

ஆனால் இரண்டு இடத்திலும் பெட்டிக்கு மின்சாரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். பூட்டிய ஃபோல்டர், மூடிக் கிடக்கும் வரைதான் பூட்டிய ஃபோல்டர். பாஸ்வேர்டு கொடுத்து 'மவுண்ட்' செய்த கணத்திலிருந்து அது மற்ற ஃபோல்டர்களைப் போல ஒன்றுதான். காலை ஒன்பதரைக்குத் திறந்தது மாலை வரை திறந்தே இருக்கும். மாலையில் மூடுகிற அலுவலகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை என்பதால், வருடம் முழுக்க என்றே சொல்லலாம். அந்த நேரமெல்லாம் கணக்கரின் கம்ப்யூட்டருக்குத் தெரிவதெல்லாம் அதில் ஒட்டிக்கொண்ட வைரஸுக்கும் தெரியும். பெட்டியைப் பொறுத்தவரை வைரஸும் கணக்கரும் ஒரே ஆள். பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கோப்பு போகும் பாதையையும் இந்தப் பூட்டு காப்பதில்லை. அதற்குக் கோப்புப் பகிர்வுக்கான எஸ்.எம்.பி. 3 நெறிமுறையில் தனியாக என்கிரிப்ஷன் உண்டு. அதைத் தனியாகத்தான் இயக்க வேண்டும்.

நடந்த கதைகளைப் பார்ப்போம். 2014 ஆகஸ்டில் சினாலஜி நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைச் 'சினோலாக்கர்' என்ற பணம் பறிக்கும் வைரஸ் பிடித்தது. 2021 ஏப்ரலில் கியூனாப் பெட்டிகளுக்குள் 'கியூலாக்கர்' புகுந்தது. அது புதுமையாக எதையும் செய்யவில்லை. ஊரெல்லாம் பயன்படுத்தும் செவன்-ஜிப் நிரலை வைத்தே கோப்புகளைப் பாஸ்வேர்டு போட்டுக் கட்டிவிட்டு, 0.01 பிட்காயின் கேட்டது. 2022 ஜனவரியில் அதே கியூனாப் பெட்டிகளுக்கு 'டெட்போல்ட்' வந்தது. லாகின் பக்கத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மிரட்டல் கடிதத்தை ஒட்டியது, பெட்டிக்கு 0.03 பிட்காயின். தயாரித்த நிறுவனத்திடமும் பேரம் பேசியது: 50 பிட்காயின் தந்தால் எல்லாப் பெட்டிக்குமான மாஸ்டர் சாவி. அடுத்த மாதமே அசுஸ்டர் பெட்டிகளும் மாட்டின. அந்த அக்டோபரில் நெதர்லாந்து போலீஸ் பணம் அனுப்புவதுபோல் அனுப்பி, சாவி கைக்கு வந்ததும் பரிவர்த்தனையைத் திருப்பிக்கொண்டு, 155 சாவிகளை அவர்களிடமிருந்து கறந்தது தனிக்கதை.

இவர்கள் யாரும் ஹார்ட் டிஸ்கைத் தூக்கிப் போகவில்லை. இணையத்தைப் பார்க்கத் திறந்து வைத்த பெட்டிகளின் மென்பொருள் ஓட்டை வழியாக உள்ளே வந்து, பெட்டியின் எஜமானாகவே உட்கார்ந்துகொண்டார்கள். திறந்திருக்கும் ஃபோல்டர் அவர்களுக்கும் திறந்ததுதான். மூடிய ஃபோல்டர் என்றாலும் என்ன? பூட்டிய பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்துப் பூட்ட முடியாதா? வேடிக்கை என்னவென்றால், அவர்கள் கையில் இருந்த ஆயுதமும் இதே என்கிரிப்ஷன்தான். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் பலவற்றை யாரோ இணையம் வழியாகப் புதுப்பெட்டிபோல் துடைத்தே போட்டார்கள். அழிக்க வருகிறவனுக்குப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது சாவி. மின்சாரம் போய் வந்தால் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்கிறதே என்ற சலிப்பில், 'பெட்டி இயங்கத் தொடங்கும்போதே தானாக மவுண்ட் செய்' என்ற கட்டத்திலும் டிக் போட்டுவிடுகிறார்கள். சாவி அந்தப் பெட்டிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. கிராமத்தில் வீட்டைப் பூட்டி நிலைக்கு மேல் சாவியை வைத்துப் போவோமே, அதே ஏற்பாடு. பெட்டியோடு தூக்கிப் போகிறவனிடம் பூட்டும் சாவியும் ஜோடியாகப் போகின்றன. நடுவில் நிற்பது ஒரு லாகின் திரை மட்டும். சாவியைப் பென் டிரைவில் வைத்து, பெட்டி தொடங்கியதும் பிடுங்கி எடுத்துவிடும் வசதி சில பெட்டிகளில் உண்டு. நான் பார்த்த இடங்களில் அந்தப் பென் டிரைவ் பெட்டியின் முதுகில் ஒட்டடை படிந்து செருகியே இருந்தது. 2023-இல் வந்த சினாலஜியின் டி.எஸ்.எம். 7.2 முழு வால்யூமையும் என்கிரிப்ட் செய்ய வழி தந்தது. சாவிப் பெட்டகத்தை அதே பெட்டியிலும் வைக்கலாம், கே.எம்.ஐ.பி. முறையில் வேறொரு பெட்டியிலும் வைக்கலாம். வேறொரு பெட்டிக்குச் செலவு செய்ய எத்தனை கடை முதலாளி முன்வருவார் என்று நினைக்கிறீர்கள்?

நெதர்லாந்தில் பிறந்த மொழியறிஞர் ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் 1883-இலேயே சொல்லிவிட்டார்: பூட்டின் அமைப்பு எதிரிக்கு முழுக்கத் தெரிந்திருந்தாலும் பூட்டு நிற்க வேண்டும், ரகசியம் சாவியில் மட்டும் இருந்தால் போதும். இன்றைய என்கிரிப்ஷன் முழுவதும் இந்தக் கொள்கை மேல்தான் நிற்கிறது. அதைத் திருப்பிப் படித்தால்தான் நம் நிலைமை புரியும். எல்லாம் சாவியில் இருக்கிறது என்றால், சாவி போனால் எல்லாம் போயிற்று.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்யாண ஸ்டூடியோவில் அதைக் கண்ணால் பார்த்தேன். கடையில் வேலை பார்த்த கெட்டிக்காரப் பையன் நாஸ் வாங்க வைத்து, திறந்த ஃபோல்டரில் இருந்த படங்களையெல்லாம் புதிதாகப் பூட்டிய ஃபோல்டர் ஒன்றுக்கு நகர்த்தி, தானே பாஸ்வேர்டும் போட்டான். தானாகத் திறக்கும் வசதியை அவன் வைக்கவில்லை. அந்த அளவுக்கு அவனை மெச்ச வேண்டும். பிறகு துபாய் போய்விட்டான். யு.பி.எஸ். புண்ணியத்தில் பெட்டி பதினான்கு மாதம் அணையவே இல்லை. யாரும் பாஸ்வேர்டு கேட்கவும் இல்லை. ஒரு நாள் யு.பி.எஸ். பேட்டரி செத்தது. அன்றைக்கென்று மூன்று மணி நேரம் மின்வெட்டு. மின்சாரம் வந்தது, பெட்டி வந்தது, ஃபோல்டர் வரவில்லை.

"தம்பி, படமெல்லாம் உள்ளதான இருக்கு? எங்கயும் போவலல்லா?" என்றார் முதலாளி.

"போகல அண்ணாச்சி, உள்ளதான் இருக்கு."

"பொறவு என்ன? பூட்டு ஒடைக்க ஒரு ஆளு கெடைக்காமலா போவான்?"

ஆள் இல்லை என்று அவருக்குப் புரிய வைக்க எனக்கு அரை நாள் ஆயிற்று. அவர் அறிந்த பூட்டுகளுக்கெல்லாம் ஊரில் ஒரு கொல்லன் உண்டு. சாவி தொலைந்தால் கூப்பிடலாம், காசு கொடுத்தால் திறப்பான். கொல்லனாலும் திறக்க முடியாது என்பதைத்தான் இந்தப் பூட்டின் பெருமையாக விற்கிறார்கள். வாங்குகிறவர் காதில் அது திருடனைப் பற்றிய வாக்கியமாக மட்டும் விழுகிறது. துபாய்க்குப் போன் போட்டோம். பையன் பாவம், நினைவில் இருந்த பாஸ்வேர்டுகளையெல்லாம் சொன்னான். எதுவும் பொருந்தவில்லை. ஃபோல்டரை உருவாக்கும்போது இறங்கிய சாவிக் கோப்பைக் கடைக் கம்ப்யூட்டரில்தான் வைத்திருந்தானாம். அந்தக் கம்ப்யூட்டரை நடுவில் ஒருமுறை ஃபார்மட் செய்திருந்தார்கள். பெட்டியில் இரண்டு வட்டுகள் ஒன்றுக்கொன்று நகலாக ஓடிக்கொண்டிருந்தன. இரண்டிலும் படங்கள் பத்திரமாக இருந்தன, ஒன்றைக்கூடப் பார்க்க முடியாமல்.

பிழைத்தவை எவை என்பதுதான் நான் மறக்காதது. பழைய திறந்த ஃபோல்டரில் முப்பது நாற்பது கோப்புகள் மிஞ்சியிருந்தன. எல்லாம் நீளமான தமிழ்ப் பெயர் வைத்த ஆல்பம் கோப்புகள். பூட்டிய ஃபோல்டர் அவற்றை ஏற்கவே இல்லை. காரணம் இது. பல நாஸ் பெட்டிகள் பகிர்வு ஃபோல்டரைப் பூட்ட 'ஈகிரிப்ட்எஃப்எஸ்' என்ற லினக்ஸ் ஏற்பாட்டைப் பயன்படுத்துகின்றன. லினக்ஸில் கோப்புப் பெயர் ஒன்று 255 பைட் வரை போகலாம். பெயரையும் சேர்த்து மறைக்கும்போது அது நீண்டுவிடுவதால், நாம் வைக்கும் பெயருக்கு 143 பைட்தான் கிடைக்கும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் ஆங்கிலப் பெயருக்கு அது தாராளம். யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். மெய்யின் புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறி. 'தமிழ்நாடு' நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து. கணினிக்கு 9 குறி, 27 பைட். பெயரில் 'தமிழ்நாடு' என்று ஐந்து முறை எழுதினால் 135 பைட் ஆகிவிடும். ஆறாவது தரத்துக்கு இடம் கிடையாது. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், ஊர், மண்டபம், தேதி என்று பெயர் வைக்கிற ஸ்டூடியோவில் அது எம்மாத்திரம்? பூட்டு வேண்டாமென்று தள்ளியவை மட்டும் அந்தப் பெட்டியில் தப்பித்தன.

மற்ற படங்களுக்கு முதலாளி வீடு வீடாகப் போனார். வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த பென் டிரைவ்கள் பீரோவில், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில், எந்தப் பூட்டும் இல்லாமல் கிடந்தன. அதிலிருந்து நகல் எடுத்து வந்தார். கடைசியாக எடுத்து இன்னும் கொடுக்காமல் இருந்த இரண்டு கல்யாணங்களுக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. திருடன் வரவே இல்லை. பூட்டு தன் வேலையைச் சரியாகச் செய்தது.

படிக்காத முதலாளி, அனுபவமில்லாத பையன் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2021 ஜனவரியில் உலகப் பத்திரிகைகளில் வந்த செய்தி: ஸ்டெஃபான் தாமஸ் என்ற புரோகிராமர் 7,002 பிட்காயின்களுக்கான சாவியை ஐயன்கீ என்ற என்கிரிப்ட் செய்த பென் டிரைவில் வைத்து, அதன் பாஸ்வேர்டு எழுதிய தாளைத் தொலைத்துவிட்டார். பத்துத் தரம் தவறினால் அந்த டிரைவ் நிரந்தரமாக மூடிக்கொள்ளும். எட்டு அப்போதே தீர்ந்திருந்தது. தொழில் தெரிந்தவர் கதியே அது.

ஃபோல்டர் பூட்டு தொல்லையென்று கண்டவர்கள் இன்னொரு வழி சொல்வார்கள். எல்லாவற்றையும் ஒரே டிஸ்க் இமேஜுக்குள், அதாவது வட்டுபோல் நடக்கும் ஒற்றைக் கோப்புக்குள் போடு, அந்த ஒரு கோப்பைப் பூட்டி நாஸில் வை, எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம். கேட்க எளிமைதான். முட்டை முழுவதையும் ஒரே கூடையில் அடுக்குவதும் எளிமையே. வெராகிரிப்ட் என்ற நிரலால் பூட்டிய 500 ஜி.பி. பெட்டகம் ஒன்றை நாஸில் வைத்தால், எழுதுவதற்காக அதை ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர்தான் திறக்கலாம். மற்றவர்களும் திறக்க வேண்டுமென்றால் எல்லாருமே படிப்பதற்கு மட்டும் திறக்க வேண்டும். பகிர்வு ஃபோல்டர் என்ற பெயரே அங்கே பொருளிழக்கிறது.

அதைவிட நுணுக்கமான பொறி பேக்கப்பில் இருக்கிறது. உள்ளே எழுதினாலும் பெட்டகக் கோப்பின் தேதி மாறாமல் பார்த்துக்கொள்வது வெராகிரிப்டின் இயல்பான அமைப்பு. உள்ளே நடமாட்டம் இருப்பது வெளியே தெரியக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம். தேதியைப் பார்த்து எது மாறியது என்று தீர்மானிக்கும் பேக்கப் நிரலோ, இது பழைய கோப்புதானே என்று தாண்டிப் போய்விடும். தினமும் பேக்கப் ஓடும், தினமும் பச்சை டிக் விழும், நகலில் இருப்பது முதல் நாள் சரக்கு. அமைப்பில் ஒரு டிக்கை எடுத்தால் இது சரியாகிவிடும். ஆனால் எடுக்க வேண்டும் என்று தெரிந்தவர் எத்தனை பேர்? முழு வட்டையும் பூட்டும் லினக்ஸின் 'லக்ஸ்' முறையில் சாவி விவரமெல்லாம் தலைப்பகுதியில் சில எம்.பி.க்குள் அடங்கியிருக்கிறது. அந்த இடம் கெட்டு, அதற்கு நகலும் இல்லையென்றால், சரியான பாஸ்வேர்டைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே நிற்க வேண்டியதுதான்.

ஆப்பிள் 2007-இல் மேக்கின் லெப்பர்டு பதிப்போடு கொண்டுவந்த 'ஸ்பார்ஸ் பண்டில்' இந்தச் சிக்கலில் பாதியைத் தீர்த்தது. பெரிய இமேஜை 8 எம்.பி. துண்டுகளாக நறுக்கி வைத்து, மாறிய துண்டை மட்டும் நகலெடுக்க வழி செய்தது. ஆனாலும் நாஸுக்கு எழுதும்போது வைஃபை நடுவில் அறுந்தால் இமேஜ் குழம்பலாம். நம்பகத்தன்மைக்காகப் புதிதாக பேக்கப் தொடங்க வேண்டும் என்று மேக்கின் பேக்கப் நிரலான டைம் மெஷின் பணிவோடு சொன்ன நாளை மேக் வைத்திருக்கும் பலரும் அறிவார்கள். அப்படித் தொடங்கினால் பல மாத வரலாறு போய்விடும்.

டிஸ்க் இமேஜ் பொருந்தும் இடம் வேறு. முடிந்த கணக்காண்டின் வவுச்சர்கள், தீர்ந்த வழக்கின் கட்டுகள், கொடுத்து முடித்த ஆல்பங்கள் என இனி யாரும் திருத்தக் கூடாதவற்றை ஐ.எஸ்.ஓ. இமேஜாக்கலாம். சில நாஸ் பெட்டிகள் அந்த இமேஜையே ஒரு பகிர்வு ஃபோல்டராக மாட்டிக் காட்டும். எல்லாரும் படிக்கலாம், கை தவறிக்கூட உள்ளே இருப்பதை மாற்ற முடியாது. மூல இமேஜ் கோப்பை மட்டும் மற்றவர் அனுமதி எட்டாத ஃபோல்டரில் வைத்தால் போதும். முடிந்ததை முத்திரை போட்டு வைக்கும் கருவியை, அன்றாடம் புழங்கும் அலமாரியாக்கினால் இடிக்காமல் என்ன செய்யும்?

"அப்படியானால் பூட்டவே வேண்டாம் என்கிறீர்களா? சட்டம் கேட்கிறதே" என்பார்கள். கேட்கிறதுதான். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த காப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஆனால் அதன்கீழ் 2025-இல் வந்த விதிகளைப் படித்துப் பாருங்கள். என்கிரிப்ஷனைச் சொல்லும் அதே இடத்தில் யார் எதைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு, யார் எப்போது பார்த்தார் என்ற பதிவு, பேக்கப் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கின்றன. சட்டமே பூட்டோடு நிற்கவில்லை.

எனவே என் தரப்பு இது. பான் எண்ணும் மருத்துவ அறிக்கையும் இருக்கும் ஃபோல்டரைப் பூட்டுங்கள். கல்யாண வீடியோவுக்கான பின்னணி இசையைப் பூட்டி யாருக்கு என்ன லாபம்? பூட்டும் முன் சாவிக்கு மூன்று இடம் தீர்மானியுங்கள், அதில் ஒன்று தாளாக இருக்கட்டும், ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். நாஸ் பெட்டியை இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்காதீர்கள். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 விதியைப் பரப்பியவர் பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர். நெகட்டிவ் தொலைந்தால் என்ன ஆகும் என்பது புகைப்படக்காரர்களுக்குத் தெரியும். அந்த நகல்களில் ஒன்றாவது வயரைப் பிடுங்கி அலமாரியில் வைத்ததாக இருக்கட்டும். டெட்போல்டால் அலமாரிக் கதவைத் திறக்க முடியாது.

இவ்வளவும் செய்தாலும், சாவி வேலை செய்கிறதா என்று ஒருமுறை பூட்டைத் திறந்து பார்க்காதவரை எதுவும் உறுதியில்லை. அந்த ஸ்டூடியோ அண்ணாச்சி இதற்கொரு நாள் குறித்துவிட்டார். ஆயுத பூஜையன்று கேமரா, லைட், நாஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்திவிடுவார். விஜயதசமி காலையில் இரும்புப் பெட்டியைத் திறந்து, பட்டாவுக்கும் பத்திரத்துக்கும் நடுவிலிருந்து சாவித்தாளை எடுப்பார். வேறு யாரையும் தொட விடாமல், கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக அவரே தட்டுவார். போன வருடம் நான் பக்கத்தில் இருந்தேன். நடுவில் ஒரு எழுத்து ஓவா சுழியமா என்று தெரியாமல் இரண்டு தரம் தவறியது. மூன்றாம் தரம் ஃபோல்டர் திறந்தது. தாளைத் திரும்ப மடிக்கும் முன் பேனா கேட்டு வாங்கி, அந்த எழுத்துக்கு மேல் தமிழில் 'சுழியம்' என்று எழுதி வைத்தார்.